வாத மாத்திரையும் தடுப்பூசியும்: பூக்கட்டும் தங்கைக்கு ஒரு கடிதம்



உங்கள் கடிதம் கிடைத்தது. விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொட்டு வாங்கி, வெயில் ஏறுவதற்குள் கட்டி முடித்துக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பிழைப்பு. அதில் காலை ஒன்பது மணி வரை விரல் மடங்காவிட்டால் என்ன பாடு என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. நானும் சரவாங்கிக்காரிதான். ஞாயிறு ராத்திரி மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டால் திங்கள் முழுக்கச் சோற்றைக் கண்டாலே குமட்டும். நாரைச் சுண்டி முடிச்சுப் போடும் ஆள்காட்டி விரலின் அடிமூட்டு இந்த நோய் அடிக்கடி வந்து உட்காரும் இடங்களில் ஒன்று. பூக்கட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய இடி என்பதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பர்ஸிலேயே இருக்கிறது என்கிறீர்கள். "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவ, ஊசி வேற போட்டா உடம்பு தாங்குமா?" என்று உங்கள் நாத்தனார் கேட்டிருக்கிறார். கொரோனா ஊசி போட்ட வாரம் மூட்டு வலி கூடியதை நீங்களும் மறக்கவில்லை. இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்தி வைப்பது எல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறோம் என்பது ஊசியைத் தவிர்க்கக் காரணமே இல்லை. ஊசியைப் போட்டுக்கொள்ள அதுதான் முதல் காரணம்.

சரவாங்கி, அதாவது முடக்குவாதம், வயசாகி மூட்டுத் தேய்வதால் வருவதில்லை. வேலியே பயிரை மேய்கிற நோய் இது. கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி நம் மூட்டின் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அந்த ஆவேசத்தை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனமைடு, ஸ்டீராய்டு, டோஃபாசிட்டினிப், ரிட்டுக்சிமாப், அடலிமுமாப் என்று மருந்துகள். அடக்கும்போது உண்மையான கிருமிக்கு எதிரான காவலும் கொஞ்சம் தளர்ந்துபோகிறது. மருந்தே சாப்பிடாமல் இருந்தாலும் இந்த நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் வரும். சாதாரண ஆளை ஒரு வாரம் படுக்கப்போடும் காய்ச்சல் நம்மை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம். ஃப்ளூ ஊசியிலும் நிமோனியா ஊசியிலும் உயிருள்ள கிருமி கிடையாது. செத்த கிருமியின் துண்டுகளோ அதன் மேலுறையின் பகுதியோதான் இருக்கும். அதனால் எந்த மாத்திரை சாப்பிட்டாலும் இந்த ஊசிகளால் அந்த நோய் வராது. ஊசி வேலை செய்வது கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனாரின் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2021 ஜனவரியில் கோவாக்சின் தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனம் ஒரு தகவல் தாள் வெளியிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், அதைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்களும் அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் அது ஊர் ஊராகப் போனது. ஆனால் மார்ச் 1 அன்று, 45 வயதுக்கு மேற்பட்ட இணைநோய்க்காரர்களுக்கு ஊசி தொடங்கியபோது மத்திய அரசு 20 நோய்நிலைகளின் பட்டியல் கொடுத்தது. நெடுநாள் ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர்களும் முன்னுரிமைக்கு உரியவர்கள் என்று அதில் இருந்தது. ஜனவரியில் தள்ளி நில் என்றார்கள், மார்ச்சில் முன்னால் வா என்றார்கள். முதல் செய்திதான் மனசில் தங்கியது.

அடுத்த மாதம் நடிகர் விவேக் போய்விட்டார். நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் ஏப்ரல் 15 அன்று எல்லோர் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டவர், 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் அந்த மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக்குழு அந்த ஆண்டே அறிவித்தது. அந்த அறிவிப்பு மரணச் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை இன்னும் சுமந்துகொண்டு ஃப்ளூ ஊசியையும் தள்ளிப்போடுவது நமக்கு நல்லதில்லை.

ஊசிக்குப் பிறகு மூட்டு வலி கூடியது என்றீர்களே, அது மனப்பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது நாடுகளிலிருந்து, வாத நோய்களுக்காகச் சிகிச்சை பெற்றுவரும் 5,121 பேரின் விவரத்தை ஐரோப்பிய வாதநோய் அமைப்பு கொரோனா ஊசி சமயத்தில் திரட்டியது. வீக்க வாதம் உள்ளவர்களில் 100-க்கு நான்கு, ஐந்து பேருக்கு ஊசிக்குப் பின் நோய் கிளம்பியிருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டிய அளவுக்குப் போனது ஒன்று இரண்டு பேருக்குத்தான். இது போக, நோயே இல்லாதவர்களுக்கும் இரண்டு நாள் உடம்பு வலி, காய்ச்சல் இருக்கும். அதற்குப் பாராசிட்டமால் போதும். மூன்று நாளைக்கு மேல் மூட்டு வீங்கியே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி, நான் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்த விஷயம். ஊசிக்காக மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தலாமா?

தென்கொரியாவில் இதைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். ஃப்ளூ ஊசி போட்டபின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட் நிறுத்தியவர்களில் 100-க்கு 75 பேருக்கு நல்ல எதிர்ப்பு உண்டானது. நிறுத்தாதவர்களில் 54 பேருக்கு. பிறகு கொரோனா காலத்தில் பக்கத்திலிருக்கும் கொச்சியில் டாக்டர் பத்மநாப ஷெணாயும் அவர் குழுவினரும் கோவிஷீல்டு போட்ட வாத நோயாளிகளிடம் இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். ஒன்றில் இரண்டு தவணைக்குப் பிறகும் இரண்டிரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தினார்கள். மற்றதில் இரண்டாம் தவணைக்குப் பிறகு மட்டும். இரண்டிலும் எதிர்ப்புப் பொருள் கூடியது. ஆனால் இரண்டு முறை நிறுத்தியவர்களுக்கு வீக்கமும் வலியும் கூடுதலாகத் திரும்பி வந்தன. ஒருமுறை நிறுத்துவதே நல்லது என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். நம்மைப் போன்ற உடம்பும், நம் ஊரில் கிடைக்கும் ஊசியும், நாம் சாப்பிடும் அதே மாத்திரையும் வைத்துச் செய்த ஆய்வு இது. அதனால் எனக்கு அதன்மீது தனி மதிப்பு உண்டு.

அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2022-இல் கொடுத்த வழிகாட்டல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஃப்ளூ ஊசி என்றால், நோய் அடங்கியிருக்கும் பட்சத்தில், ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தலாம். ஊசிக்கு முன்னால் நிறுத்த வேண்டியதில்லை. நிமோனியா, மஞ்சள் காமாலை பி போன்ற உயிரற்ற ஊசிகளுக்கு மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் என்றால் எந்த உயிரற்ற ஊசிக்கும் தடையில்லை. 20-ஐத் தொட்டால் ஃப்ளூ ஊசியை மட்டும் போட்டுவிட்டு, மற்றவற்றை அளவு குறைந்தபின் போடச் சொல்வார்கள். ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குத்தான் தேதி கணக்கு முக்கியம். ஃப்ளூ ஊசியைக் காலம் வந்ததும் போட்டுவிடலாம். மற்ற ஊசிகளை அடுத்த தவணை நெருங்கும்போது போட்டு, அதன்பின் குறைந்தது இரண்டு வாரம் கழித்து மருந்தை ஏற்றுவார்கள். ஒரு தவணையே பல மாதம் எதிர்ப்பை அடக்கி வைக்கும் மருந்து அது.

ஒன்றைக் கெட்டியாகச் சொல்கிறேன். இரண்டு வாரம் நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போட்டோம், வலியும் இல்லை, மாத்திரை எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து விரல் கோணிப்போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல வாரம் ஒருநாள் போட வேண்டிய மாத்திரையைத் தினமும் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையில் கிழமையை எழுதி வையுங்கள்.

உங்கள் டப்பாவில் இருக்கும் மெத்தோட்ரெக்சேட்டும், அதன் கடுமையைத் தணிக்க மறுநாள் போடும் ஃபோலிக் ஆசிட்டும் ஒரே ஆய்வகத்தில், ஒரே மனிதரின் தலைமையில் உருவானவை. எல்லாப்ரகட சுப்பாராவ் என்று பெயர். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்து, 1948-இல் இறந்தார். முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு என்று வந்த இந்த வகை மருந்து பிறகுதான் நம் மூட்டுக்கு வந்தது. அவரை நம் பாடப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக நினைவுகூர வேண்டும்.

அக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் வாத நோயாளிகளை அதிகம் அலைக்கழிக்கிற ஒன்று அது. சின்ன வயசில் சின்னம்மை போட்டு, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு எல்லாம் முடிந்தது என்றிருப்போம். அந்தக் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பில் பதுங்கிக் கிடக்கும். எதிர்ப்பு தளரும்போது விலாவிலோ இடுப்பிலோ முகத்திலோ ஒரு பக்கமாக, பட்டை போட்டதுபோலக் கொப்புளமாக எழும்பும். கிராமத்தில் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது இன்றும் உண்டு. எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரை தொடங்கிவிட வேண்டும். காவி காய்ந்து உதிரட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் தாண்டிவிடும். தோல் ஆறியபின்னும் மாதக்கணக்கில் எரிகிற நரம்பு வலி சிலருக்குத் தங்கிவிடுகிறது. ரவிக்கைத் துணி உரசினாலே துடித்துப்போவார்கள்.

டோஃபாசிட்டினிப் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்ற வாத மருந்துகளைவிடக் கூடுதல். விலை குறைந்தபின் நம் ஊரில் நிறையப் பேர் இதைச் சாப்பிடுகிறார்கள். அக்கிக்கு ஊசி உண்டு. முன்பு வெளிநாட்டில் போட்டது உயிருள்ள கிருமி ஊசி, நமக்கு ஆகாது. 2023-இல் இந்தியாவுக்கு வந்த ஷிங்ரிக்ஸ் உயிரற்றது. இரண்டு தவணை. டோஃபாசிட்டினிப் தொடங்கும் முன்பே போட முடிந்தால் அதுவே சிறந்த நேரம்.

அக்கி நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் கண்ணுக்குப் போகும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். நமக்கு அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கும் நம் நோய்தான், தெரியுமா? முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து படுத்த படுக்கையாகி, விரல்கள் கோணிப்போய், ராணுவ மருத்துவ வேலையை விட்டவர். பிறகு அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார். 2006-இல் காலமானார். அவருக்கு நோய் வந்த காலத்தில் இப்போது நாம் வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையை வாதத்துக்குக் கொடுக்கும் வழக்கமே இல்லை. உங்கள் விரலுக்கு இன்று அந்த மருந்து இருக்கிறது. அதைப் பயமில்லாமல் தொடர்ந்து சாப்பிட உதவுவதுதான் இந்த ஊசிகளின் வேலை.

அடுத்து நாய்க்கடி. மூன்றரை மணிக்கு இருட்டில் தெருவைக் கடந்து பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர் நீங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போடுகிறவரிடம், அவர் கேட்காவிட்டாலும், "நான் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற வாத மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் மற்றவர்களுக்குத் தடுப்பூசி மட்டும் போதும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கீறலுக்கும் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நாட்டின் வழிகாட்டுதல். இந்த ஊசிக்கு நாள் பார்ப்பது, மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது எதுவும் கூடாது. ஒரு தவணையைக்கூடத் தள்ளக் கூடாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-லேயே கைவிட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

நமக்கு உண்மையிலேயே ஆகாதவை உயிருள்ள கிருமி ஊசிகள். சின்னம்மை ஊசி, தட்டம்மை–அம்மைக்கட்டு–ரூபெல்லா ஊசி, மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து, ஆப்பிரிக்கா போகிறவர்களுக்குப் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகியவை. வேலைக்கு வெளிநாடு போகும் பையன்களுக்கு முதுகுவாதம் இருந்தால், கிண்டி கிங் நிலையத்துக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடப் போகும் முன் வாத டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

உங்கள் மகளுக்கும் விரல் வீக்கம் தொடங்கியிருக்கிறது, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் பின்பாதியில் அடலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி மருந்து எடுத்துக்கொண்டால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமி. அப்படிப் பிறந்த ஒரு குழந்தை பி.சி.ஜி.க்குப் பிறகு இறந்தது 2010-இல் இங்கிலாந்திலிருந்து பதிவாகியிருக்கிறது. ஆகவே பிரசவ வார்டில், தாய் என்ன மருந்து எடுத்தாள் என்பதைக் குழந்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பி.சி.ஜி.யை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பெண் என்றால் கர்ப்பம் தரிக்கும் முன்பே அதை நிறுத்தி, டாக்டர் சொல்லும் வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

இனி காசு. உங்கள் கடிதத்தில் மிகவும் வலித்த வரி, "ஊசி விலை கேட்டேன், திரும்பி வந்துட்டேன்" என்பது. ஷிங்ரிக்ஸ் இரண்டு தவணைக்கும் சேர்த்து இருபதாயிரம் ரூபாயைத் தொடும். நிமோனியா ஊசியும் சில ஆயிரம். மெத்தோட்ரெக்சேட்டை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அந்த மாத்திரையால் கூடுகிற ஆபத்தைத் தடுக்கும் ஊசியைக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 2021 முதல் நம் மாநிலத்தில் கைக்குழந்தைகளுக்கு நிமோனியா ஊசி இலவசம், அது பெரிய காரியம். அதே வீட்டில் வாத மாத்திரை சாப்பிடும் ஆச்சிக்கும் அது கிடைக்க வேண்டும். ஃப்ளூ, நிமோனியா இரண்டையாவது வாத நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு அரசு இலவசமாகப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நோயாளி நிமோனியாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கிடந்தால் ஆகும் செலவில் எத்தனை பேருக்கு ஊசி போடலாம்! உள்ளூர் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தெருவிலும் கையெழுத்து வாங்கித் தாருங்கள்.

அதுவரை, எல்லாம் ஒன்றாக முடியாவிட்டால் வரிசைப்படி போங்கள். முதலில் ஃப்ளூ, புரட்டாசிக்குள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் ஃப்ளூ தலைதூக்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்கும் மழை அந்தக் காலத்தில்தான். அது வருஷா வருஷம் போட வேண்டியது. அடுத்தது நிமோனியா. எந்த வகை, எத்தனை தவணை என்று டாக்டர் எழுதித் தருவார். போட்ட தேதியையும் ஊசியின் பெயரையும் உங்கள் வாத ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணமோ, மருந்துக்கடையில் வலிக்கென்று வாங்கிய பெயர் தெரியாத மாத்திரையோ சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கணக்கே மாறிப்போகும்.

கடைசியாக, மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் ஊசி தேவையா என்று கேட்டிருந்தீர்கள். தேவை. உங்கள் உடம்பில் ஊசி அரைகுறையாகத்தான் பிடிக்கும் என்றால், உங்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்து கொடுக்கக்கூடியவர்களுக்கு அது முழுசாகப் பிடித்திருக்க வேண்டும். ஃப்ளூ ஊசியைக் குடும்பத்தோடு போட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கு வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்து கொடுத்த நாலு வாரத்துக்கு அதன் துணியை வேறு யாராவது அலசட்டும். பிள்ளைக்குச் சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். நாத்தனாரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் அக்கா